கோழிக் கொட்டகையில் லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது?



ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது. தோட்ட வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நாளும் நெருங்குகிறது. "இனி என்ன செய்யலாம்?" என்று யோசிக்கும் நம்மவர்களில் பலருக்கு முதலில் தோன்றுவது கோழிப் பண்ணைதான். "முப்பத்தஞ்சு நாள்ல காசு, இதுல என்னண்ணே கஷ்டம்?" என்று கேட்பவர்களும் உண்டு.

நல்ல தொழில்தான், மறுக்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டு பால் வெட்டிச் சேர்த்த பணம் இரண்டு மந்தையில் கரைந்துபோகவும் இதே தொழில் போதும். ஆகவே, கணக்கை முதலில் பார்ப்போம்.

தீனிதான் முதலாளி

இறைச்சிக் கோழி வளர்ப்பில் நூறு வெள்ளி செலவானால், அதில் எழுபது வெள்ளி அளவுக்குத் தீனிக்கே போகிறது. தீனியில் சேரும் சோளமும் சோயாவும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலை நம் கையில் இல்லை. கோழியின் விலையும் நம் கையில் இல்லை. 2022 ஜூன் முதல் தேதி, உள்நாட்டில் கோழி போதாமல் அரசாங்கம் ஏற்றுமதியையே நிறுத்தியது. 2023 நவம்பர் முதல் தேதி கோழிக்கான உதவித் தொகையும் விலைக் கட்டுப்பாடும் எடுக்கப்பட்டன. அன்றிலிருந்து சந்தை ஏறினால் ஏற்றம், இறங்கினால் இறக்கம்.

அப்படியானால் நம் கையில் இருப்பது என்ன? தின்ற தீனியை எவ்வளவு இறைச்சியாக மாற்றுகிறோம் என்பதுதான்.

3,000 கோழியை ஆளுக்கு 2 கிலோவாக விற்கிறீர்கள். மொத்தம் 6,000 கிலோ. ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீனி செலவானால் 9,600 கிலோ போதும். அதுவே 1.8 கிலோ ஆனால் 10,800 கிலோ வேண்டும். வித்தியாசம் 1,200 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாகச் சொன்னால் இருபத்து நான்கு மூட்டை! யாரும் திருடவில்லை, கணக்கில் எவரும் ஏமாற்றவில்லை. கொட்டகைக்குள்ளேயே மாயமாகப் போன மூட்டைகள் இவை.

இவை எங்கே போகின்றன? தட்டை விளிம்புவரை நிரப்பினால் பாதி கீழே சிந்துகிறது. எலி தின்கிறது. நோயுற்ற கோழி தின்றும் தேறுவதில்லை. முப்பதாம் நாள் சாகும் கோழி, அதுவரை தின்ற அத்தனை தீனியையும் குழிக்குக் கொண்டுபோகிறது. தட்டின் உயரம் கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்கட்டும். கோழி வளர வளரத் தட்டையும் உயர்த்துங்கள்.

முதல் ஏழு நாள்

குஞ்சு வந்து இறங்கும்போது அதன் எடை 40 கிராம் அளவு. ஏழாம் நாள் அது நான்கு மடங்குக்கு மேல், 170 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும். முதல் வாரத்தில் பின்தங்கிய குஞ்சு கடைசிவரை பின்தங்கியேதான் நிற்கும்.

லோரி வருவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பே வெப்பமூட்டியை ஏற்றி, தரையில் கிடக்கும் உமி சூடாக இருக்கும்படி செய்யுங்கள். முதல் நாள் 32, 33 பாகை வெப்பம் வேண்டும். பிறகு சிறுகச் சிறுகக் குறைக்கலாம். "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்குங்க சூடு?" என்று கேட்காதீர்கள். மழை பெய்த விடியற்காலையில் எழுந்து பாருங்கள், தெரியும்.

வெப்பமானியைவிட நல்ல சாட்சி குஞ்சுகளே. விளக்கின் அடியில் ஒன்றின்மேல் ஒன்று குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எங்கும் சீராகப் பரவி மேய்ந்தால் எல்லாம் சரி. இருபத்து நான்கு மணி நேரம் கழித்துச் சில குஞ்சுகளின் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். கூழ்போல் மெதுவாக நிறைந்திருந்தால் தீனியும் தண்ணீரும் கண்டுவிட்டது என்று பொருள். கெட்டியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை.

ஈரமே எதிரி

திறந்த கொட்டகையில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடமாவது கொடுங்கள். "இன்னும் ஐந்நூறு குஞ்சு போடலாமே" என்ற பேராசைதான் முதல் நோய்.

தண்ணீர்க் குழாய் ஒழுகி உமி நனைந்தால் இரத்தக் கழிச்சல் கிருமிக்குக் கொண்டாட்டம். ஈரமான எச்சத்திலிருந்து எழும் காரவாடை கோழியின் கண்ணையும் மூச்சுக் குழாயையும் அரிக்கும். காலையில் உள்ளே நுழைந்ததும் உங்கள் கண் எரிகிறதா? நீங்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். கோழிக்கு இரவும் பகலும் அதே காற்றுதான். நனைந்த உமியை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். மழைக்குப் பயந்து கான்வாஸை நாள் முழுதும் இறக்கி வைக்காதீர்கள்.

மத்தியான வெயிலில், விற்கும் வயதுக் கோழிதான் முதலில் சாகும். தின்ற தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு கூடும். எனவே வெயில் ஏறுமுன் தீனியை எடுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் கொடுங்கள். குளிர்ந்த தண்ணீர் மட்டும் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது.

வாசலில் நிறுத்துங்கள்

ராணிக்கெட், கம்போரோ ஆகிய இரண்டும் மந்தையை வாரிக்கொண்டு போகக் கூடியவை. தடுப்பூசி மருந்தைக் குடிதண்ணீரில் கலக்கும்போது குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தினால் மருந்து செத்துவிடும். லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பில்லாப் பால்மாவு கலந்துகொள்ளுங்கள். கலந்த தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிய வேண்டும்.

வீட்டுப் பின்புறம் கம்பத்துக் கோழியும் சண்டைச் சேவலும் வளர்த்துக்கொண்டு, அதே சப்பலோடு பண்ணைக் கொட்டகைக்குள் போகலாமா? கூடாது! கொட்டகைக்கென்று தனிச் செருப்பு, வாசலில் கிருமிநாசினித் தொட்டி. செத்த கோழியை ஆற்றிலோ செம்பனைக் காட்டிலோ வீசாதீர்கள். சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். ஒரு மந்தை போனபின், கழுவிச் சுத்தம் செய்த கொட்டகை இரண்டு வாரமாவது காலியாகக் கிடக்கட்டும்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று மருந்தை அள்ளிப் போடும் பழக்கத்தையும் விடுங்கள். தீனியில் கலந்துவந்த கொலிஸ்டின் என்ற மருந்தை 2019 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். மனிதனைக் காக்கும் கடைசி மருந்துகளில் அதுவும் ஒன்று. மற்ற மருந்து கொடுத்தாலும், நிறுத்தி இத்தனை நாள் கழித்துத்தான் விற்கலாம் என்று உறையில் போட்டிருக்கும். அந்தக் கோழியைத் தின்னப்போவது நம் பிள்ளைகளும்தான்.

கையெழுத்துப் போடுமுன்

நம்மவர்கள் பலர் ஒப்பந்தத்தில் வளர்க்கிறார்கள். குஞ்சும் தீனியும் மருந்தும் தவுக்கே தருவார். கொட்டகையும் உழைப்பும் நம்முடையது. இதில் கேட்க வேண்டியவை: செத்த குஞ்சின் நஷ்டம் யார் தலையில்? தீனிக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? கூலியை எத்தனை நாளில் தருகிறார்கள்? தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், படித்த பிள்ளையை உட்கார வைத்து ஒருமுறைக்கு இருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எத்தனை செத்தது, எத்தனை மூட்டை தீர்ந்தது, எவ்வளவு தண்ணீர் போனது, வாரத்துக்கு ஒருமுறை எடை எவ்வளவு என்று தினமும் எழுதுங்கள். தண்ணீர் குடிப்பது திடீரென்று குறைந்தால், நோய் வருகிறது என்று கோழி நமக்குச் சொல்லும் முதல் சேதி அது. கோழி பிடிக்க லோரி வரும் அன்று தராசுப் பக்கத்தில் நீங்களும் நில்லுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் கையில் இருந்தால் "உன் கோழி சரியில்லை" என்று எவரும் வாயால் அடித்துவிட முடியாது.

பண்ணை தொடங்க மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் உரிமமும் உண்டு. பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவச் சேவை இலாகாவில் முதலில் விசாரியுங்கள். தோட்ட நிலமென்றால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சேமநிதிப் பணம் முழுவதையும் முதல் கொட்டகையில் கொட்டிவிடாதீர்கள். சிறிதாகத் தொடங்கி, மூன்று மந்தைக் கணக்கைப் பார்த்த பிறகு பெரிதாக்குங்கள்.

தவுக்கேயின் கணக்கு தவுக்கேயிடம் இருக்கிறது. நம் கணக்கு நம்மிடம் இருக்க வேண்டாமா, தோழர்களே?