குதிரைகளுக்குத் தீனி

1989இல் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரை விற்பனைக்கு விட்டபோது, விவரப் பட்டியலில் அதன் திறன் 280 குதிரைத்திறன் என்று இருந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் எதுவும் அப்போது அந்த எண்ணைத் தாண்டவில்லை. ஆண்டுக்கு 10,000ஐத் தாண்டிவிட்ட சாலை மரணங்களைக் கண்டு அரசு முகம் சுளிக்க, 280தான் உச்சம் என்று கம்பெனிகள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டன. 2004இல் ஹோண்டா லெஜண்ட் 300 என்று அறிவிக்கும் வரை அந்த ஏற்பாடு நீடித்தது.

ஜிடி-ஆரைப் பொறுத்தவரை 280 என்பது ஒரு மரியாதைக்கான எண். பந்தயத்துக்காகவே வடித்த 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ எஞ்சின் அது. களத்தில் அதே எஞ்சின் 500ஐத் தாண்டி ஓடியது. ஜப்பானிய டூரிங் கார் போட்டியில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 பந்தயங்களையும் இந்தக் கார்தான் வென்றது. ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் 'காட்ஸில்லா' என்று பெயர் வைத்தன. இப்படிப்பட்ட ஒரு கார் வாசலில் நிற்கும்போது, அடக்கி வைத்த திறனை அவிழ்த்துவிட யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

முதல் படி கிட்டத்தட்ட இலவசம். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் குழாயில், துளையைச் சுருக்கும் ஒரு சிறு துண்டைக் கம்பெனியே செருகி வைத்திருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தால் போதும், அழுத்தம் ஏறும், கார் பாயும். இவ்வளவு மலிவாகக் கிடைத்த அந்த முதல் லாபம்தான் ஆளைக் கவிழ்க்கிறது என்பேன். அடுத்த நூறு குதிரைகளும் இதே விலைக்கு வந்துவிடும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

அப்போது முதலில் உடைவது டர்போ. வெளிப்புகை மோதிச் சுழற்றும் டர்பைன் சக்கரம் இந்தக் காரில் உலோகமல்ல, செராமிக். எடை குறைவு என்பதால் சட்டென்று வேகம் பிடிக்கும். சாலைக்கு அருமையான தேர்வு. ஆனால் அழுத்தத்தை மேலும் கூட்டினால் சுழற்சியும் வெப்பமும் எல்லை மீறி, சக்கரம் சில்லுசில்லாகச் சிதறும். நிஸானுக்கு இது தெரியாததல்ல. 1990இல் பந்தய அனுமதிக்காகச் சிறு எண்ணிக்கையில் செய்த நிஸ்மோ பதிப்பில் உலோகச் சக்கரத்தைத்தான் பொருத்தியது. ஆக, செலவில் முதல் வரி: இரண்டு புது டர்போ.

இனி காற்றுக் கணக்கு. எஞ்சினுக்குத் திறன் வருவது எரியும் பெட்ரோலிலிருந்து. பெட்ரோல் எரிய வேண்டுமானால் எடையில் அதைப்போல் 12 முதல் 15 மடங்கு காற்று வேண்டும். இலக்கு 600 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால், அதை முழுதாகக் கறக்கும்போது எஞ்சின் வினாடிக்கு ஏறத்தாழ 400 லிட்டர் காற்றை விழுங்கும், நிமிடத்துக்கு மூன்று லிட்டர் பெட்ரோலைக் குடிக்கும். பழைய பம்ப்பும் பழைய இன்ஜெக்டரும் இதற்கு ஈடுகொடுக்காது. ஈடுகொடுக்காதபோது திறன் குறைவதோடு விஷயம் முடிவதில்லை. பெட்ரோல் பற்றாத கலவை அதிக வெப்பத்தில் எரிந்து பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும்.

காற்றை அழுத்தினால் அது சுடும். 27 டிகிரிக் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் 120 டிகிரிக்குப் பக்கம் வந்துவிடுகிறது. அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போனால், பிளக்கின் தீ வந்து சேரும் முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். சுத்தியலால் தட்டுவது போன்ற அந்த ஓசை கேட்கும்போது உள்ளே பிஸ்டன் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் அழுத்திய காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர், உயர் ஆக்டேன் பெட்ரோல், எஞ்சின் கணினிக்குப் புது நிரல். எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சக்கரம் சுழற்றும் வேலையாகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். திறனை இரண்டு மடங்காக்கினால் வெளியேற்ற வேண்டிய சூடும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரேடியேட்டரும் ஆயில் கூலரும் இப்படித்தான் பட்டியலில் ஏறுகின்றன.

சுழற்சியைக் கூட்டித் திறன் எடுக்கலாமே என்பார்கள். பிஸ்டனை மேலும் கீழும் இழுக்கும் விசை சுழற்சி வேகத்தின் வர்க்கமாக ஏறும்: நிமிடத்துக்கு 7,000 சுற்று 9,000 ஆனால், கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய இழுவிசை 65 சதவீதம் கூடும். இந்த எஞ்சினின் தொடக்கப் பதிப்புகளில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் கிராங்க் முகப்பு குறுகலாக இருந்தது. உயர் சுழற்சியில் பம்ப்பின் பல்சக்கரம் உடைந்து, எண்ணெய் நின்று, மொத்த எஞ்சினும் போன கதைகள் ஏராளம். பின்னாளில் நிஸானே அந்த முகப்பை அகலப்படுத்தியது.

எஞ்சின் பிழைத்துக்கொண்டால் பாரம் பின்னால் போகிறது. கம்பெனிக் கணக்கில் முறுக்குவிசை 353 நியூட்டன் மீட்டர். 7,000 சுற்றில் 600 குதிரைத்திறன் என்றால் 600 நியூட்டன் மீட்டர். கிளட்ச் வழுக்கும், கடினமான கிளட்ச் போட்டால் கியர்பாக்ஸின் பற்கள் வாங்கிக்கட்டிக்கொள்ளும். ஒன்றைப் பலப்படுத்தும்போது உடையும் இடம் அடுத்ததற்கு நகர்கிறது, அவ்வளவுதான். பிரேக்கும் டயரும் தனி.

இவ்வளவுக்கும் கைக்கு வருவது என்ன? காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனமாக ஏறுவதால், திறனை இரட்டிப்பாக்கினால் உச்ச வேகம் 26 சதவீதம்தான் கூடும். (ஜப்பானியக் கார்களில் 180 கிலோமீட்டரில் பூட்டு வேறு, அதைக் கழற்ற இன்னொரு செலவு.) உச்ச வேகம் வேண்டாம், பாய்ச்சல் போதும் என்றால் டயர் குறுக்கே நிற்கும். 1,430 கிலோ காரின் நான்கு சக்கரங்களும் தரையைப் பிடித்து இழுக்கும் விசை, நல்ல உலர்ந்த சாலையில் ஏறத்தாழ அந்தக் காரின் எடை அளவுதான். கணக்குப் போட்டால், மணிக்கு 113 கிலோமீட்டரை எட்டும் வரை 600 குதிரைகளையும் தரையில் இறக்கவே முடியாது. சக்கரம் வெறுமனே சுற்றும். ஜப்பானிய விரைவுச் சாலைகளில் அன்றைய வேக வரம்பு 100.

2007இல் நிஸான் 480 குதிரைத்திறனுடன் புதிய ஜிடி-ஆரைக் கொண்டுவந்தது. இம்முறை மிச்சமெல்லாம் அந்தத் திறனுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை: பின் அச்சோடு சேர்த்து வைத்த கியர்பாக்ஸ், பெரிய பிரேக், அகன்ற டயர், தடித்த உடல். எடை 1,740 கிலோ. பழையதைவிட 310 கிலோ கூடுதல். எஞ்சினின் திறன் 71 சதவீதம் கூடியிருந்தது. ஒரு கிலோவுக்கு எவ்வளவு திறன் என்று பார்த்தால், 41 சதவீதம்.