படகு மரத்துக்குப் பகை நல்ல தண்ணீர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போவதில்லை. மீன்கள் இனம்பெருக விட்டுவைக்கும் இந்த 61 நாள் தடைக்காலம், மரப்படகு வைத்திருப்பவர்களுக்கு மராமத்துக் காலமும்கூட. படகைக் கரையேற்றி, பாசியும் சிப்பியும் சுரண்டி, சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரம் மொத்தென்று அடங்கும்.

மொத்தென்ற அந்த ஒலி எங்கே கேட்கும்? எந்நேரமும் கடலில் மூழ்கிக் கிடக்கும் அடிப்பலகையில்தான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மக்கல் பெரும்பாலும் மேலேதான் தொடங்குகிறது: மழைநீர் தேங்கும் தள மூலையில், படகோட்டும் அறையான வீல்ஹவுஸின் கால்கள் தளத்தைத் தொடும் இடத்தில், மீன் அறையின் உட்சுவரில். மீன் அறையில் கொட்டும் ஐஸ் உருகினால் வருவது உப்பில்லாத நல்ல தண்ணீர். அது பலகை இடுக்குகளில் இறங்கி, காற்றோட்டமில்லாத இருட்டில் வாரக்கணக்கில் நிற்கிறது.

மரத்தை மக்கச் செய்வது நீர் அல்ல, பூஞ்சை. அதன் வித்துகள் எங்கும் மிதக்கின்றன. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஈரம் கூட வேண்டும், கூடவே காற்றும் வேண்டும். முழுக்க மூழ்கிய பலகையில் காற்றுக்கு இடமில்லை. உப்பு ஊறிய மரத்தில் மக்கவைக்கும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை தழைப்பதில்லை. அந்தக் காலத்து மரக்கப்பல்களில் சட்டங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பும் வழக்கம் இருந்ததும் இதனால்தான். கடல்நீர் வாளியை அள்ளித் தளத்தைக் கழுவும் மீனவர் அறிந்தோ அறியாமலோ மரத்துக்கு மருந்து போடுகிறார்.

நல்ல தண்ணீர் படும் இந்த இடங்களுக்குத்தான் தேக்கு பொருத்தமானது. மேல்தளம், பக்கச்சுவரின் மேல்விளிம்புக் கட்டை, மீன் அறை வாயின் சட்டம், வீல்ஹவுஸின் கதவும் நிலையும் என்று வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் இடங்களில் அதற்கு இணையான மரம் குறைவு. தேக்கின் நடுவிலுள்ள வைரப்பகுதியில் மரமே தயாரித்துச் சேமித்த இரசாயனங்கள் இருக்கின்றன. டெக்டோகுவினோன் கரையானை விரட்டுகிறது. நாஃப்தோகுவினோன் வகைச் சேர்மங்கள் பூஞ்சையைத் தடுக்கின்றன. ரப்பர் மரத்துப் பாலில் உள்ள அதே ரப்பர் பொருள் சிறிதளவு மரத்தின் நுண்குழல்களில் படிந்து நீரை உள்ளே விடாமல் தள்ளுகிறது. வெளியிலிருந்து எதையும் பூசாமலே மரம் காக்கப்படுகிறது.

இன்னொரு குணமும் உண்டு, படகுக்கு அது இதைவிட முக்கியம் என்பேன். பச்சை மரம் முழுக்கக் காயும்போது தேக்கு ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், அதற்குக் குறுக்கே 2.5 சதவீதமும்தான் சுருங்குகிறது. ஐரோப்பிய, அமெரிக்கப் படகுத் தச்சர்கள் நம்பிய வெள்ளை ஓக் ஏறத்தாழ 10.5, 5.6 என்று இருமடங்கு சுருங்கும். இரண்டு மாதம் வெயிலில் கிடந்த படகைத் திரும்ப நீரில் இறக்கும்போது பலகை இடுக்கு வழியே தண்ணீர் எவ்வளவு கசியும் என்பதை இந்த எண்கள்தான் தீர்மானிக்கின்றன. வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த தேக்கைத் தளத்துக்குத் தேர்ந்தெடுத்தால், அகலத்தில் அந்தக் குறைந்த சுருக்கம் மட்டுமே நேரும். அறுக்கும்போது கழிவு அதிகம் போகும். ஆனாலும் தளத்துக்கு அப்படித்தான் அறுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மிகையாக நம்பக்கூடாது. கப்பல் புழு என்று நாம் சொல்லும், உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்த அந்த உயிரி, வெப்பக் கடலில் தேக்கையும் துளைக்கும். 1817-இல் பம்பாயில் மலபார் தேக்கால் கட்டி இறக்கிய ‘திருகோணமலை’ என்ற போர்க்கப்பல் பிரிட்டனின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அதன் அடியிலும் புழுவைத் தடுக்கச் செப்புத் தகடு போர்த்தியிருந்தார்கள்.

இனி பழுதுபார்க்கும் வேலைக்கு வருவோம். தேக்கைக் காக்கும் அந்தச் சேர்மங்களின் எண்ணெய்ப்பசைதான் தச்சருக்குச் சோதனை. பசை பிடிக்க வேண்டுமானால் அது மரத்தின் மேல் பரவி நுண்குழல்களுக்குள் இறங்க வேண்டும். பழைய தேக்குப் பரப்பில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு நிற்கும். அப்போதுதான் இழைத்த பரப்பில் அதே துளி சற்றே படரும். பசைக்கும் அதே கதிதான். ஆகவே ஒட்டப்போகும் முகத்தை அன்றைக்கே இழைத்தோ உப்புத்தாளால் தேய்த்தோ புதுப்பிக்க வேண்டும்; தூசியைத் துடைத்து, சுத்தமான துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் எபாக்ஸியைத் தடவ வேண்டும். காலையில் துடைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து மாலையில் ஒட்டினால், உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். ‘தேக்கில் பசை நிற்காது’ என்று பலர் சொல்வது இந்த இடைவெளியை விட்டதன் விளைவுதான்.

நீளமான விளிம்புக் கட்டையில் ஒரு துண்டு மட்டும் மக்கியிருந்தால் அதை வெட்டி எடுத்துப் புதுத்துண்டைச் சேர்க்கலாம். நேராக வெட்டி முனைக்கு முனை ஒட்டினால் நிற்காது. முனையில் குழல்கள் வாய் திறந்திருப்பதால் பசையை உறிஞ்சிவிடும். கட்டையின் கனத்தைப்போல 8 முதல் 12 மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி ஒட்டினால் இழையோடு இழை படியும். சேர்ந்த இடம் முழுக்கட்டையைப்போலவே வளையும். தேக்கில் மணல் போன்ற சிலிக்காவும் இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும், மறுபடி மறுபடி தீட்ட வேண்டியிருக்கும். தேக்குத் தூசி சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும். முகக்கவசம் இல்லாமல் இதை இழைக்க யாரையும் விடக்கூடாது. கூலிக்கு இழைக்கிறவர் உடம்பும் உடம்புதான்.

பலகைகளின் இடையே நீர் புகாமல் அடைப்பதற்கு நம் கடற்கரையில் கலப்பத்து என்று பெயர். எண்ணெயில் ஊறிய பருத்தித் திரியை உளியால் அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பற்றால் மூடுவது பழைய முறை. இப்போது தளத்துக்கு ரப்பர்போல இழுபடும் கருப்புப் பசைகள் வந்துவிட்டன. இவற்றில் பலரும் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. பசை பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களிலும் ஒட்ட வேண்டும், அடியில் ஒட்டக்கூடாது. பலகைகள் சுருங்கி விலகும்போது பசை குறுக்கே நீள வேண்டும். அடியும் பிடித்துக்கொண்டால் நீள இடமின்றி ஓரத்தில் கிழியும். அதற்காகப் பள்ளத்தின் அடியில் முதலில் ஒட்டாத நாடா ஒன்றைப் பதிப்பார்கள். கிழிந்த ஓரத்தில் இறங்கும் மழைத்துளி நேராக அடியிலுள்ள சட்டத்துக்குப் போகும். அந்தச் சட்டம் தேக்காக இருப்பது அபூர்வம்.

ஆணிகளைச் சுற்றி மரம் பஞ்சுபோல் நார்நாராகிக் கிடந்தால் அது பூஞ்சையின் வேலையாக இல்லாமலும் போகலாம். உப்புநீர் ஊறிய மரத்தில் செம்பும் இரும்பும் அருகருகே இருந்தால் மின்னோட்டம் பிறக்கிறது. அரிப்பிலிருந்து தப்பிய உலோகத்தைச் சுற்றிக் காரம் உருவாகி, மரத்தின் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினைக் கரைக்கிறது. துருவைத் தடுக்க அளவுக்கு மீறித் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தினாலும் இதே கேடு வரும். ஆணியை மட்டும் மாற்றிப் பயனில்லை. நைந்த மரத்தைக் குடைந்தெடுத்து, காயவிட்டு, ஒரே வகை உலோகத்தால் மறுபடி பூட்ட வேண்டும்.

தளம் சாம்பல் நிறமாகிவிட்டதே என்று கவலைப்படுவோர் பலர். வெயிலின் புறஊதாக் கதிர் லிக்னினைச் சிதைப்பதால் வரும் நிறம் அது. மில்லிமீட்டரில் சிறு பங்கு ஆழம்தான் இறங்கும். அதைப் பொன்னிறமாக்க முரட்டு பிரஷ்ஷும் அமிலமும் கொண்டு ஆண்டுதோறும் தேய்ப்பதுதான் தளத்தை மெலியவைக்கிறது. தேக்கின் வளையத்தில் முதலில் வளரும் அடுக்கு மென்மையானது. இழையின் போக்கில் தேய்த்தால் அது மட்டும் கரைந்து பலகை வரிவரியாகப் புடைக்கும். மென்மையான பிரஷ்ஷால், இழைக்குக் குறுக்காக, கடல்நீர் விட்டுத் தேய்த்தால் போதும்.

மரம் வாங்கும்போது ‘தேக்கு’ என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியில் மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் இல்லை. மற்ற எந்த மரத்தையும்போல் அதுவும் மக்கும். இருபது, இருபத்தைந்து ஆண்டில் வெட்டும் தோட்டத் தேக்கில் அந்தப் பகுதியின் பங்கு கூடுதல், வைரமும் முதிர்ந்திருக்காது. பர்மாக் காட்டுத் தேக்கோ இனி எளிதில் கிடைக்காது. மியான்மர் 2014-இல் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, காடுகளின் நிலையைப் பார்த்தால் நிறுத்தியது நியாயமே. இந்நிலையில் பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரமும் நிலையும்தான் படகு வேலைக்கு நான் முதலில் தேடச் சொல்வது. செங்கடல் ஓரத்தில் பெரெனிகே என்ற ரோமானியர் காலத் துறைமுகத்தைத் தோண்டியபோது, பழைய கப்பல்களிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டடங்களில் மறுபடி பயன்படுத்திய இந்தியத் தேக்குக் கட்டைகள் கிடைத்தன. வீட்டிலிருந்து படகுக்கும் அதே மரம் போகலாம். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்து, ஆணித்துளைகளை ஒதுக்கி, நான்கு முகத்தையும் புதிதாக இழைத்த பிறகே பசையை எடுக்க வேண்டும்.