‘சொந்தப் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட்டால் உரிமை போய்விடுமா?

பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தையைத் தாண்டி அண்ணாந்து பார்த்தால் ஒரு பக்கம் கெக் லோக் சீ ஆலயம், மறுபக்கம் கொடிமலை. 1923 முதல் ரயில் ஏறும் அந்த மலையின் உச்சியில் நம் திருமுருகன் கோயிலும் இருக்கிறது. 2021-இல் யுனெஸ்கோ இப்பகுதியில் 12,481 ஹெக்டேரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ரயிலை விட்டு நடந்தே ஏறுவோரும் ஏராளம். அவர்களில் பலர் பணம் கட்டிக் குழுவாகப் போகிறார்கள். புறப்படும்முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ‘எது நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு’ என்கிறது அந்தத் தாள்.

அதில் கையெழுத்துப் போட்டதாலேயே அடிபட்டவர்கள் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010-இல் சேர்த்த பகுதி, கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஒப்பந்த விதியை நியாயமற்றது என்கிறது. ஈரவேரில் நீங்களே கால் வழுக்கி விழுந்தால் அது மலையேற்றத்தின் இயல்பான ஆபத்து. கொட்டும் மழையில், வழி தெரியாதவரை முன்னால் விட்டு உங்களை அழைத்துப்போனால் அது வேறு கதை.

மழையை இங்கே யாரும் சாதாரணமாக எண்ணக் கூடாது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய பேய்மழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது, சாலைகள் துண்டிக்கப்பட்டன. மேலே பெய்த மழை ஆற்றில் திடீரென்று பெருக்கெடுத்து வருவதைத்தான் ‘கெபாலா ஆயர்’ என்கிறோம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் அது வரும். நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், உடனே கரையேறுங்கள். ஓடையில் குளித்த சில நாளில் காய்ச்சல் கண்டால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதால், எங்கே குளித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நமக்கும் கடமை உண்டு. நிரந்தர வனக் காப்பகத்துக்குள் மூடப்பட்ட பகுதியில் பெர்மிட் இல்லாமல் நுழைந்தால், 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். போகும் பாதைக்கு அனுமதி வேண்டுமா என்று வன இலாகாவிடம் முன்கூட்டியே கேளுங்கள். கட்டணம் வாங்கும் சுற்றுலா நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது.

விபத்து நேர்ந்தால் 999. பிறகு போலீஸ் புகார், மருத்துவமனைச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, குழுவில் வந்த வாட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பயணம் ரத்தாகிப் பணம் திரும்பவில்லை, சொன்ன சேவை கிடைக்கவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்: கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை, வக்கீல் வேண்டாம், 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். காயத்துக்கும் உயிரிழப்புக்கும் அங்கே இழப்பீடு கேட்க முடியாது. அதற்குச் சிவில் நீதிமன்றம்தான். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால், 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். காயத்துக்கான சிவில் வழக்குக்குத் தனியார் மீது 6 ஆண்டு அவகாசம். அரசுத் துறை மீது என்றால் 36 மாதம்தான். கட்டுப் பிரித்து, வேலைக்குத் திரும்பி, ‘பிறகு பார்க்கலாம்’ என்று இருப்பவர்களுக்கு அது சட்டென்று ஓடிவிடும்.