அடி மட்டும் பார்த்தால் போதாது

என் அப்பா பறை அடித்தவர். சாவுக்கு எந்த அடி, சாமி புறப்பாட்டுக்கு எந்த அடி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கல்யாண வீடுகளில் டிஜே. அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கிய இரண்டு பாக்ஸ், ஒரு மிக்சர், ஒரு பழைய லேப்டாப். எனக்குத் தெரியாத பாட்டுக்கும் கூட்டத்தை ஆட வைக்க வேண்டும் என்பதுதான் என் பாடு.

குத்துப் பாட்டில் சிக்கல் இல்லை. ஆனால், மாப்பிள்ளை பெங்களூரில் வேலை செய்தால் அவருடைய நண்பர்கள் பஞ்சாபி, இந்தி, மலையாளம் என்று கேட்பார்கள். அதற்கு நான் வைத்திருக்கும் வழிகள் எளியவை. பாட்டு தொடங்கி அரை நிமிடத்துக்குள் தாளம் வர வேண்டும். முன்னிசை நீண்டால் வெட்டிவிடுவேன். அந்த மொழிக்காரர்களிடம் புதுப் பாட்டு எது என்று கேட்க மாட்டேன். “உங்க ஊர்ல பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடுற பாட்டு எது?” என்று கேட்பேன். அப்படித் தேறியவைதான் தலேர் மெஹந்தி 1998-இல் பாடிய ‘துனக் துனக் துன்’, 2017-இல் வந்த மலையாள ‘ஜிமிக்கி கம்மல்’, சிலோன் மனோகரின் ‘சுராங்கனி’ எல்லாம். தெரியாத பாட்டைத் தெரிந்த இரண்டு பாட்டுக்கு நடுவில் வைப்பேன். ஒரு நிமிடத்தில் கால்கள் அசையவில்லையென்றால் மாற்றிவிடுவேன்.

தாளம் சரியாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கல்யாணத்தில், பஞ்சாபில் ராணுவ வேலை பார்த்த எங்கள் தெரு அண்ணன் அருகில் வந்தார். “தம்பி, இந்தப் பாட்டுல திரும்பத் திரும்ப ‘ஜட்’னு வருதே, என்னன்னு தெரியுமா?” என்றார். தெரியாது. அது அங்கே நிலம் வைத்திருக்கும் ஒரு சாதியின் பெயர் என்றார். நிலம், டிராக்டர், துப்பாக்கி என்று அந்தப் பெயரில் பெருமை பேசும் பாட்டுகள் பஞ்சாபியில் ஏராளம். அதற்குப் பதில் போல, ஜலந்தரைச் சேர்ந்த தலித் பாடகி கின்னி மாஹி, ரவிதாசரையும் அம்பேத்கரையும் பாடுகிறார். வசவாக வீசப்பட்ட தன் சாதிப் பெயரையே தலைப்பில் வைத்து ‘டேஞ்சர் சமார்’ என்று 2016-இல் பாடினார். அதையும் தேடிக் கேட்டேன். ஆட அதுவும் நல்ல பாட்டுதான்.

பொருள் தெரியாமல் போட்டது பஞ்சாபிப் பாட்டு. பொருள் தெரிந்தே போடச் சொன்னது பக்கத்து ஊர்க் கல்யாணத்தில். இரவு பத்து மணி நெருங்கியது. நாலைந்து பேர் செல்போனை நீட்டி, தங்கள் சாதிப் பெருமைப் பாட்டைப் போடச் சொன்னார்கள். “பாக்ஸ காலனிப் பக்கம் திருப்புடா” என்றார் ஒருவர். அந்தக் காலனியில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. முடியாது என்றேன். பாக்ஸ் உடையவில்லை, பேசிய பணத்தில் மூவாயிரம் குறைந்தது.

அன்றிலிருந்து முன்பணம் வாங்கும் சீட்டிலேயே இரண்டு வரி எழுதுகிறேன். ஒன்று, எந்தச் சாதிப் பாட்டும் போடப்படாது. இரண்டு, இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிறுத்தப்படும். இரண்டாவது என் சொந்த விதி அல்ல. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. முதல் வரியைப் படித்துவிட்டு முன்பணத்தைத் திரும்பப் பையில் வைத்தவர்கள் உண்டு. பேசாமல் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு.

சினிமாப் பாட்டில் பறை ஒலித்தால் எந்தப் பந்தலிலும் ஆடாத கால் இல்லை. அதே பறையோடு அப்பா போனபோது பந்தலுக்கு வெளியேதான் நிற்க வைத்தார்கள். நான் இன்று பந்தலுக்குள், மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்ற பொத்தான் என் விரலடியில் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான்: தெரியாத மொழிப் பாட்டு என்றால் தாளத்தைக் கேளுங்கள், பிறகு பொருளையும் யாரிடமாவது கேளுங்கள். போடமாட்டேன் என்பதை மேடையில் சொல்லாதீர்கள். முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.