கால் எட்டுகிறதா? உயரம் குறைந்தவர்கள் மின் ஸ்கூட்டர் வாங்கும்போது

மின் ஸ்கூட்டர் கோவைக்குப் புதிதல்ல. ஆம்பியர் நிறுவனத்தை ஹேமலதா அண்ணாமலை 2008-இல் தொடங்கியது இந்த ஊரில்தான். இன்று ஷோரூமுக்குப் போகிற எல்லோரும் முதலில் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை. ஐந்தடி உயரமுள்ளவர் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வண்டி நின்றால் கால் தரையில் படுமா? ஓடுகிற வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். சிக்னலிலும் பார்க்கிங்கிலும் அதைத் தாங்குவது நம் கால்தான்.

எட்டாத கால் என்ன செய்யும்?

நுனிக்காலில் வண்டியைத் தாங்கினால் கெண்டைக்கால் தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். கணுக்கால் பிசகவும் வாய்ப்பு அதிகம். ஒரு கால் மட்டும் எட்டும்படி சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்பு ஒருபக்கம் இறங்கி, நாளடைவில் கீழ்முதுகு வலிக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கும். நின்ற வண்டியோடு சாய்ந்து கையை ஊன்றி விழுந்தாலே மணிக்கட்டு முறியலாம்.

அளவு எடுப்பது எப்படி?

செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நின்று, ஒரு நோட்டைத் தொடைகளுக்கு நடுவே மேலே வரை இறுக்கிப் பிடியுங்கள். தரையிலிருந்து நோட்டின் மேல்விளிம்பு வரை உள்ளதுதான் உங்கள் உட்கால் அளவு. 150 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது பெரும்பாலும் 68 முதல் 70 செ.மீ. இருக்கும். டிவிஎஸ் ஐக்யூபின் சீட் உயரம் 77 செ.மீ., ஏத்தர் ரிஸ்டாவுடையது 78 செ.மீ. உட்கார்ந்ததும் குஷனும் ஷாக் அப்சார்பரும் கொஞ்சம் அமுங்கும் என்றாலும், குதிகால் தரையில் படுவது கடினம்.

சீட் உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் முடியாது. முன்பக்கம் அகன்ற சீட்டில் தொடை விரிவதால் காலின் நீளம் பக்கவாட்டில் வீணாகிறது. ஒரே உயரமுள்ள இரண்டு வண்டிகளில் முன்பக்கம் குறுகலான சீட்டில்தான் கால் நன்றாக எட்டும். இரண்டு முன்பாதங்களும் அழுந்தப் பட வேண்டும்; அல்லது ஒரு பாதமாவது முழுதாகப் பட வேண்டும். எட்டுவதற்காக ஹீல்ஸ் போடுவது தீர்வல்ல, அது கணுக்காலைத்தான் பிசக வைக்கும்.

எடை எங்கே இருக்கிறது?

பழைய ஸ்கூட்டி பெப் பிளஸ் 93 கிலோ. இன்றைய குடும்ப மின் ஸ்கூட்டர்கள் பல 110 கிலோவைத் தாண்டுகின்றன. பேட்டரி காலடிப் பலகைக்கு அடியில் இருந்தால் எடை தாழ்ந்து நிற்கும், வண்டியைச் சமாளிப்பது எளிது. ஒப்பணக்கார வீதி மாதிரி நெருக்கமான இடங்களில் வண்டியைப் பின்னால் இழுக்க ரிவர்ஸ் வசதி பேருதவி. இடுப்பில் அழுத்தம் விழாது. வாங்குவதற்கு முன் மெயின் ஸ்டாண்டை நீங்களே போட்டு எடுத்துப் பாருங்கள்.

உள்ளூருக்குள் மட்டும் போகிறவர்கள், மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்டாத 250 வாட் வண்டிகளையும் பார்க்கலாம். எடை குறைவு, உரிமமும் தேவையில்லை. ஹெல்மெட் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கையும் முதுகும்

கால் எட்டுவதற்காக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் முழங்கால் முன்பலகையில் இடிக்கிறதா? ஹேண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கிறதா? கை நீட்டி விறைத்தால் தோளும் கழுத்தும் வலிக்கும். மணிக்கட்டு மடங்கியே இருந்தால் விரல் மரத்துப்போகும். சிறிய கைக்கு பிரேக் லீவர் எட்டுகிறதா என்பதும் முக்கியம்.

மின் ஸ்கூட்டரில் சத்தமே இல்லாததால் ஆனில் இருப்பதே மறந்துபோகும். நுனிக்காலில் தடுமாறும்போது கை தவறி ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி சட்டென்று பாயும். பழகும் வரை ஈக்கோ மோடில் ஓட்டுங்கள்.

சீட்டை வெட்டலாமா?

குஷன் கடையில் சீட்டின் மேல்பகுதியைச் செதுக்கினால் வால் எலும்பு பலகையில் இடிக்கும், மேடுபள்ளத்தில் முதுகு அடி வாங்கும். முன்பக்க ஓரங்களை மட்டும் ஒடுக்கி, நல்ல அடர்த்தியான ஃபோம் வைத்தாலே கால் கூடுதலாக எட்டும். சஸ்பென்ஷனை இறக்காதீர்கள். வேகத்தடையில் அடிபடும், வாரண்டிக்கும் சிக்கல்.

ரோட்டில் ஓட்டிப் பாருங்கள்

ஷோரூமின் டைல்ஸ் தரை சமமானது. நம் ரோடுகள் மழைநீர் வடிய ஓரத்தில் சரிந்திருக்கும். தார் முடியும் இடத்தில் மண் இன்னும் பள்ளம். இடது காலை ஊன்றும் இடம் அதுதான் என்பதால் கால் இன்னும் கீழே போக வேண்டும். எனவே அன்றாடம் போடும் செருப்போடு, புடவையோ சுடிதாரோ வழக்கமான உடையில், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ரோட்டோரத்தில் நிறுத்திப் பாருங்கள். மருதமலைப் பக்கம் வீடு என்றால் ஏற்றத்திலும் நிறுத்திப் பாருங்கள்.

"ஓட்ட ஓட்டப் பழகிடும்ங்கக்கா" என்பார்கள். ஓட்டுவது பழகும், கால் வளராது. எட்டவில்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் அடுத்த மாடலைப் பாருங்கள். முழங்கால் தேய்மானமோ இடுப்பு வலியோ ஏற்கெனவே இருப்பவர்கள் எலும்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.