நேற்றுவரை எட்டாத உயரம்

தங்கை வீட்டுக் குளியலறையில் எப்போதும் மூன்று வாளிகள் நிறைந்து நிற்கும். சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு. லாரி வந்து கீழ்த்தொட்டி நிரம்பினால்தான் குழாயில் தண்ணீர். வருகிற நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பத்து மாதப் பையன் ஒருநாள் காலை, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அந்த வாளிகளில் ஒன்றின் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டான். முந்தின நாள்வரை அந்த வாளி அவனுக்கு வெறும் சுவர். அன்றைக்குத்தான் அதற்கு உள்ளே ஒன்று இருப்பதே தெரிந்தது. மிதந்துகொண்டிருந்த சிவப்பு பிளாஸ்டிக் மக்கை எடுக்கக் குனிந்தான். குதிகால் இரண்டும் தரையைவிட்டு எழும்பியதைத் தங்கை பார்த்துவிட்டாள், ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று முழுக்க அவளுக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்ததாம்.

போனை வைத்தபின் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது லிட்டர் வாளியில் பாதி தண்ணீர் என்றாலே பத்து கிலோ. பத்து மாதக் குழந்தை ஒன்பது கிலோவை ஒட்டி இருக்கும். ஆக, அவன் சாய்ந்தால் வாளி கவிழாது; அவன்தான் கவிழ்வான். பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. வளர்ந்தவருக்கு அது எட்டில் ஒரு பங்குதான். ஒரு வயதில் தலைச் சுற்றளவு 46 சென்டிமீட்டர் வந்துவிடுகிறது, நமக்கே 55-ஐ ஒட்டித்தான். பெரிய தலை, குட்டைக் கால். உடம்பின் கனமெல்லாம் மேலே. வாளி விளிம்பு வயிற்றுக்கு நேரே வருகிறது. அதைத் தாண்டித் தலை கொஞ்சம் உள்ளே போனால் சீசா பலகைபோல உடம்பு அப்படியே சாய்ந்துவிடும். உள்ளே போனபின் வழுக்குகிற சுவரில் கையூன்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளும் பலம் அந்தத் தோளில் இல்லை, திரும்ப இடமும் இல்லை. மூக்கும் வாயும் மூழ்கினால் போதும். அதற்கு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே அதிகம்.

சத்தமும் வராது. சினிமாவில் தண்ணீரில் விழுந்தவர்கள் கையை அடித்துக்கொண்டு கத்துவார்கள். வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எங்கிருந்து கத்துவது? ‘சத்தமே இல்லையே, சமர்த்தா விளையாடறான்’ என்று அடுப்படியில் இருப்பவர் நினைக்கிற அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் முக்கியமான நேரம்.

மேல்நாட்டுக் குழந்தை வளர்ப்பு நூல்கள் இதற்கு ஒரே வரியில் தீர்வு சொல்லிவிடுகின்றன: வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். முறைவைத்துத் தண்ணீர் வருகிற ஊரில் அதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். நமக்கு வேண்டியது வேறு ஏற்பாடு. அழுத்தி மூடுகிற மூடியுள்ள டிரம், குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். ‘கவனமா பாத்துக்கோ’ என்பது ஏற்பாடு ஆகாது. பால் பொங்கும், காலிங்பெல் அடிக்கும், மூத்தவளுக்குச் சடை பின்ன வேண்டியிருக்கும். மனிதக் கவனத்துக்குத் தாழ்ப்பாள்போல ஒரே இடத்தில் நிற்கத் தெரியாது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் வங்கதேசத்துக்காரர்கள். அங்கே கிராமத்தில் வீட்டுக்கு வீடு குளம். தாய் வீட்டுவேலையில் மூழ்கியிருக்கிற முற்பகலில்தான் சின்னக் குழந்தைகள் அதிகம் தண்ணீரில் போவதைக் கவனித்தார்கள். தாய்மாருக்குப் புத்திமதி சொல்வதோடு நிறுத்தாமல், காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊருக்குள் சிறு காப்பகங்கள் வைத்தார்கள். அவற்றுக்கு வைத்த பெயர் ‘ஆஞ்சல்’. வங்காளியில் அதற்கு முந்தானை என்று பொருள். தண்ணீர்ச் சாவைக் குறைக்க உலக சுகாதார அமைப்பு இன்று பரிந்துரைக்கும் வழிகளில் இத்தகைய காப்பகமும் ஒன்று.

தங்கை மகனின் விஷயத்துக்கே திரும்ப வருகிறேன். நேற்றுவரை நிற்காதவன் இன்று நிற்கிறான். குழந்தைக்கு ஏற்ப வீட்டை மாற்றுவதில் உண்மையான சிக்கல் இதுதான். வீடு இருந்தபடியே இருக்கிறது. குழந்தைதான் மாதத்துக்கு ஓர் ஆளாக மாறிக்கொண்டிருக்கிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கையூன்றித் தலை நிமிர்த்தும் செங்கீரை, உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி, தளர்நடை போட்டு வரும் வருகை என்று மாதக் கணக்கில் பருவம் பிரித்து வைத்தார்கள். அவர்கள் ரசித்துப் பிரித்ததை, நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் கேரன் அடால்ஃப் அளந்து பார்த்தார்.

ஏற்றி இறக்கக்கூடிய ஒரு சரிவு மேடை. மேல்முனையில் தவழும் குழந்தை, கீழே கூப்பிடும் அம்மா, விழுந்தால் பிடிக்கப் பக்கத்திலேயே ஓர் ஆள். தவழத் தொடங்கிய புதிதில் குழந்தைகள் எவ்வளவு செங்குத்தான சரிவிலும் தயங்காமல் தலைகுப்புற இறங்கினார்கள். பல வாரம் தவழ்ந்து பழகியபின் ஆபத்தான சரிவைக் கண்டதும் நின்றார்கள், தடவிப் பார்த்தார்கள், பின்பக்கமாக இறங்கினார்கள். அனுபவம் வந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? அதே குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் மறுபடி முதலிலிருந்து தலைகுப்புற விழுந்தார்கள். தவழும் உடம்பு கற்ற எச்சரிக்கை நடக்கும் உடம்புக்குக் கைமாறவில்லை. அடால்ஃப் குழுவினர் 2012-இல் வெளியிட்ட இன்னொரு கணக்கும் உண்டு: புதிதாக நடக்கும் குழந்தை, ஓடியாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைக்கிறது, 17 முறை விழுகிறது.

பதினேழு முறையும் நாம் பதற வேண்டியதில்லை. தரையில் விழுந்து எழுவது அதற்குப் பாடம். எங்கே விழுகிறது, விழும்போது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் நம் வேலை.

அந்த வேலையில் நான் முதலில் தேடுவது வட்ட பேட்டரி. சீரியல் விளக்கின் குட்டி ரிமோட், எடை பார்க்கும் மெஷின், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, கார் சாவி எல்லாவற்றிலும் இருப்பது. எங்கள் வீட்டு ரிமோட்டின் பின்மூடி தொலைந்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கக்கூடும். சி.ஆர். 2032 என்ற எண்ணுள்ள பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். ஏறத்தாழ ஒரு ரூபாய்க் காசு. சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கி நிற்பதற்கென்றே செய்ததுபோன்ற அளவு.

காசு விழுங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் வந்துவிடும் என்று காத்திருக்கிறார்களே, அந்தப் பழக்கம் இங்கே உயிரை வாங்கும். இந்தப் பேட்டரி மூன்று வோல்ட். தண்ணீரைப் பிரிக்க ஒன்றேகால் வோல்ட்டே போதும். உணவுக்குழாயின் ஈரச் சுவர் இரு முனைகளையும் இணைத்ததும் மின்சாரம் ஓடுகிறது, எதிர்முனைப் பக்கம் காரம் உருவாகிறது. காஸ்டிக் சோடா வைத்ததுபோல அந்த இடம் கரைகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண். பேட்டரிக்குள் இருப்பது ஒழுகுவதால் அல்ல, மின்சாரத்தால் இது நடக்கிறது. அதனால் ‘தீர்ந்துபோன பேட்டரிதானே’ என்பதில் ஆறுதல் இல்லை. விளக்கை எரிக்க முடியாத பேட்டரிக்கும் சதையைக் கரைக்கும் தெம்பு இருக்கும். குழந்தை திடீரென்று எச்சில் ஒழுக்குகிறது, சாப்பிட மறுக்கிறது, இருமுகிறது, வீட்டில் ஒரு பேட்டரியைக் காணோம் என்றால் நேரே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காசு ஒற்றை வட்டமாகத் தெரியும் இடத்தில் பேட்டரி இரட்டை வளையமாகத் தெரியும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

போகிற வழியில் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அமெரிக்காவில் பன்றிக்குட்டிகளின் உணவுக்குழாயில் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், தேன் அந்தக் காரத்தைத் தணித்துப் புண்ணைக் குறைப்பது தெரிந்தது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுத்தபடியே போகலாம் என்பது இன்றைய அறிவுரை. தேன் தேடி நேரத்தைக் கழிக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சு சுரக்கும். பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு வைக்கிற நம் சேனைக்கும் இதே விதிதான், பெரியவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது அடுப்படி என்று எழுத நினைத்தேன், ஆனால் சூடு நம் வீட்டில் அடுப்படியோடு நிற்பதில்லை. ரசப் பாத்திரம் தரைக்கு வருகிறது, காபி கூடத்துக்கு வருகிறது. 1947-இல் ஹார்வர்டில் மோரிட்ஸும் ஹென்ரிக்கேஸும் தோல் வெந்துபோக எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் வேண்டும் என்று அளந்தார்கள். 49 டிகிரியில் சில நிமிடங்கள் ஆகும். 60 டிகிரியில் ஐந்து விநாடி. 70 டிகிரியில் ஒரு விநாடி. இது வளர்ந்தவர் தோலுக்கான கணக்கு. குழந்தைத் தோல் இன்னும் மெல்லியது. டபராவில் ஆற்றுவதற்கு முந்தின காபி எழுபதைத் தாண்டி இருக்கும். ஒரு வயதுக் குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதில் நான்கில் ஒரு பங்குதான், ஆகவே நம் தொடையில் கொட்டினால் ஒரு திட்டாகப் போகிற அதே தம்ளர் காபி அதற்கு மார்பு முழுக்க ஆகிவிடுகிறது. மடியில் குழந்தை, கையில் காபி இரண்டும் சேர்ந்து வேண்டாம். பந்தியில் ரசம் கொண்டுவருபவர் குழந்தைகளின் தலைக்கு மேலாக வாளியை நீட்டும்போது எனக்கு இலையில் கவனம் போவதில்லை.

பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். வளையல், அரைஞாண் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுவது நல்லது. இங்க், பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். மருத்துவமனையில் அதைக் கழுவி எடுக்கும்போது குழந்தைதான் இரண்டாம் முறை துடிக்கிறது.

விஷத்துக்கு வருவோம். அழுத்தித் திருகினால்தான் திறக்கும் மருந்து மூடியை 1967-இல் கனடாவின் வின்ட்சர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி ப்ரோ கொண்டுவந்தார். மூன்றாண்டில் அமெரிக்கா சட்டமே போட்டது. அந்தச் சட்டப்படி மூடியைச் சோதிக்க மூன்றரை, நான்கு வயதுப் பிள்ளைகளிடமே கொடுக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேரால் திறக்க முடியாவிட்டால் மூடி முதல் கட்டத்தில் தேறிவிடும். மீதிப் பதினைந்து பேர் திறந்திருந்தாலும்! நம் தெருவில் வண்டியில் வரும் பினாயிலும் ஆசிட்டும் பழைய குளிர்பான பாட்டிலில் அல்லவா வருகின்றன. குழந்தைக்குப் படிக்கத் தெரியாது. பாட்டிலின் உருவம் தெரியும். மண்ணெண்ணெயோ டர்ப்பன்டைனோ குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதுதான் பெரிய கெடுதல். அது நுரையீரலுக்குள் போனால் வயிற்றில் இருப்பதைவிட மோசம். பூஜை அலமாரியிலும் ஒரு விஷம் இருக்கிறது. கற்பூர வில்லை கற்கண்டுபோல இருக்கும், விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம்.

நிலக்கடலையும் புளியங்கொட்டையும் தரையில் கிடக்கக் கூடாது. கடைவாய்ப்பல் முளைத்து அரைக்கப் பழகாத வாயில் கடலை முழுசாக மூச்சுக்குழாய்க்குப் போகும். நடுவில் உட்கார வைத்து உருளவிடும் பிளாஸ்டிக் வாக்கரைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் படிக்கட்டுக்குப் போய்விடும் என்பதால் 2004-இல் கனடா அதன் விற்பனையையே தடை செய்தது. நம் மர நடைவண்டி வேறு ஜாதி. குழந்தை நின்றால் வண்டியும் நிற்கும்.

‘நீங்கல்லாம் வளரலையா?’ என்று அம்மா கேட்டாள், தங்கை வீட்டில் இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தபோது. நியாயமான கேள்வி. ஊர் வீட்டில் நிலைப்படி முழங்கால் உயரம். தவழ்கிற பிள்ளையை அதுவே தடுத்துவிடும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருந்தது. கண்கள் நிறைய இருந்தன, திண்ணையில் இரண்டு, கூடத்தில் நான்கு. ஆனால் அந்தத் தெருவில் வளராமல் போன பிள்ளைகள் உண்டு என்பது அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

குளியலறைக் கதவில் வெளித்தாழ்ப்பாள் போட்டாயிற்று. கார்ப்பெண்டர் அதைக் கதவின் உச்சியில் அடித்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு எட்டவில்லை. இரவில் பாத்ரூம் போக மாப்பிள்ளையை எழுப்புவதா என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கதவருகே போட்டுக்கொண்டாள், இந்த வயதில் ஸ்டூலில் ஏறுவது பற்றி நான் சொன்னதைக் காதில் வாங்காமல். போன வாரம் போயிருந்தேன். பையனுக்கு இப்போது பதினாலு மாதம். அந்த ஸ்டூலை நடைவண்டிபோலத் தள்ளிக்கொண்டு கூடம் முழுக்கப் போய்வந்தான். சமையல் மேடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்துப் பார்த்தான்.

தாழ்ப்பாளை ஓர் அடி இறக்கித் தரச் சொல்லி கார்ப்பெண்டருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். ஸ்டூல் லாஃப்டில் ஏறிவிட்டது.