பாசிப் பந்துக்கு அக்கினி வெயில் ஆகாது

சித்திரையில் யாராவது கடைக்கு வந்து மாஸ் பால் என்ற பாசிப் பந்தைக் கேட்டால், விலையைச் சொல்வதற்கு முன்னால் நான் கேட்பது, "வீட்டில் தொட்டியை எங்கே வைக்கப் போகிறீர்கள்?" ஏசி அறை என்றால் எடுத்துக் கொடுப்பேன். மொட்டை மாடிக்குக் கீழ் வீடு, மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால், ஆடி கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். இப்படி வியாபாரம் பண்ணினால் உருப்படுமா என்பாள் என் மனைவி. கொளத்தூரில் வண்ணமீன் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. அனுப்பிவைத்தவர் நாலு கடை தள்ளிப் போய் வாங்கிவிடுவார் என்று எனக்கும் தெரியும்.

மாஸ் பால் என்று நாங்கள் விற்பது காடுகளில் பாறையில் படரும் பாசி வகை அல்ல. தண்ணீருக்குள் வாழும் ஒரு பச்சைப் பாசி. வேர் கிடையாது, தண்டு கிடையாது; மெல்லிய இழைகள் பின்னிப் பின்னி உருண்டையாகின்றன. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் ஆக்கான் ஏரி இருக்கிறது. காற்றில் எழும் அலைகள் ஏரியின் அடியில் இவற்றை உருட்டிக்கொண்டே இருப்பதால், எல்லாப் பக்கமும் வெளிச்சம் பட்டு வட்டமாக வளர்கின்றன. அங்கே 30 செ.மீ. குறுக்களவுக்குக்கூட வளரும். அங்கே இதன் பெயர் மரிமோ. 1921இல் இதை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்; 1952இல் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னமாக உயர்த்தினார்கள். இப்போது அந்த ஏரியிலிருந்து யாரும் எடுக்க முடியாது. கடைக்கு வருபவை வேறு ஏரிகளில் எடுத்தவை, அல்லது இழைகளைக் கையால் உருட்டியவை.

வருஷத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர்தான் வளரும். குளிர்காலத்தில் ஆக்கான் ஏரி உறைந்துவிடும். பனிக்கட்டிக்கு அடியில் மங்கல் வெளிச்சத்தில் இது சும்மா கிடக்கும். அப்படிப்பட்டதைத்தான் நாம் சென்னைக்குக் கொண்டுவருகிறோம். 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் இதற்குச் சுகம். மே மாதம் நம் வீட்டுத் தொட்டியில் தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள், சர்வசாதாரணமாக 31 காட்டும்.

"அண்ணே, ரீல்ஸ்ல பார்த்தேன். ஒரு கண்ணாடி பாட்டில், ஒரு ஃபைட்டர், ஒரு மாஸ் பால். ஃபில்டரே வேணாமாமே?" என்று கல்லூரிப் பையன்கள் வருவார்கள். "தம்பி, ரெண்டு பேர்ல ஒருத்தரை மட்டும் கூட்டிட்டுப் போ" என்பேன். ஃபைட்டர் மீனுக்கு 26, 27 டிகிரி வெதுவெதுப்பு வேண்டும். பந்துக்குக் குளிர்ச்சி வேண்டும். இரண்டையும் பாட்டிலில் அடைத்தால் யாராவது ஒருவர் எப்போதும் கஷ்டப்பட வேண்டியதுதான். ஃபில்டர் வேண்டாம் என்பதும் வியாபாரப் பேச்சு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஃபில்டர் பஞ்சில் குடியேறும் பாக்டீரியா. அவை பெருகப் புதுத் தொட்டியில் 4 முதல் 6 வாரம் ஆகும். இவ்வளவு மெதுவாக வளரும் பந்து தண்ணீரிலிருந்து உறிஞ்சுவது சொற்பம். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சின்ன ஏர் பம்ப்பும் வாங்குங்கள், பெரிய செலவில்லை.

பந்தோடு விட ஏற்ற மீன் எது என்றால், என் ஓட்டு ஜீப்ரா மீனுக்கு. நீலக்கோடு போட்ட, விரல் நீளம்கூட இல்லாத மீன். கங்கைச் சமவெளி, வடகிழக்கு ஓடைகளைச் சேர்ந்த நம் நாட்டு மீன். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரையும் தாங்கும், பந்தைக் கடிக்காது. கூட்டமாக வாழ்வது, ஆறுக்குக் குறையாமல் விட வேண்டும். குதிக்கும் என்பதால் மேலே வலை மூடி அவசியம். இலங்கையின் நிழலான ஓடைகளில் மட்டுமே இயற்கையாகக் காணப்படும் செர்ரி பார்பும் சாதுதான். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டி கிட்டத்தட்ட 55 லிட்டர் பிடிக்கும். இந்தச் சின்ன மீன்களுக்கு அது தாராளம். கோல்டு ஃபிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், பந்தைப் பிய்த்துத் தின்றுவிடும்.

பந்தைப் பார்த்துக்கொள்வது சுலபம். நேர் வெயில் படக் கூடாது. தண்ணீர் மாற்றும் நாளில், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வைத்து, அதில் பந்தை மெதுவாக அமுக்கி விடுங்கள். புளி கரைப்பதுபோலக் கசக்கினால் இழை அறுந்துபோகும். அழுக்கு வெளியே வந்ததும் உள்ளங்கையில் உருட்டி, மறுபக்கம் மேலே வரும்படி வையுங்கள். வீட்டுத் தொட்டியில் அலை கிடையாது, அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். வெளுத்தால் வெளிச்சமோ சூடோ அதிகம். உள்ளே கறுத்து நாறினால் அழுகிய பகுதியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, பச்சையாக இருப்பதைச் சிறு உருண்டையாக்கலாம். சில நாள் மேலே மிதக்கும், பயப்பட வேண்டாம். ஒளிச்சேர்க்கையில் வரும் ஆக்சிஜன் குமிழிகள் இழைகளில் சிக்கித் தூக்குகின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

வெயில் ஏறும்போது ஐஸ் கட்டி போடாதீர்கள். சட்டென்று ஏறி இறங்கும் வெப்பம் மீனைப் படுக்க வைத்துவிடும். தொட்டியின் மேல் ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் தண்ணீர் ஆவியாகி ஓரளவு குளிரும். அதுவும் போதாவிட்டால், பந்தை மட்டும் ஒரு பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பால், தயிருக்குப் பக்கத்தில் பாசியா என்று வீட்டில் சண்டை வரலாம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி, பகலில் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் அக்கினி நட்சத்திரத்தைத் தாண்டிவிடும். இத்தனை பாடுபட முடியாது என்பவருக்கு, ஒரு கல்லில் ஜாவா மாஸை நூலால் சுற்றிக் கொடுத்துவிடுவேன். நம் ஊர்ச் சூட்டை அது பந்தைவிட நன்றாகத் தாங்கும்.

தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, குளோரின் இருந்தால் மீனின் செவுளை அரிக்கும்; ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டுவிட்டு ஊற்றுங்கள். சுத்தம் என்று நினைத்து வெறும் ஆர்ஓ தண்ணீரை நிரப்பாதீர்கள், அதில் மீனுக்கு வேண்டிய தாது உப்புகள் இல்லை. வாரம் கால் பங்கு மாற்றினால் போதும். மீனுக்கு நோய் வந்தால், தாமிரம் கலந்த மருந்து ஊற்றும் முன் பந்தை வெளியே எடுத்துவிடுங்கள். தாமிரம் பாசியைக் கொன்றுவிடும்.

வளர்க்கப் பிடிக்காமல் போனால் ஏரியிலோ சாக்கடையிலோ போடக் கூடாது. 2021இல் அமெரிக்கக் கடைகளில் விற்ற பாசிப் பந்துகளுக்குள் வரிக்குதிரைச் சிப்பி என்ற ஊடுருவும் சிப்பி ஒளிந்திருந்தது தெரியவந்து, பல மாநிலங்களில் விற்பனையை நிறுத்தினார்கள். கொதிக்க வைத்து, பாலித்தீன் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள் என்று மக்களுக்குச் சொன்னார்கள். இங்கேயும் அதையே செய்யலாம். மீனையும் ஏரியில் விடக் கூடாது. கண்ணாடியைச் சுத்தம் பண்ணும் என்று ஆசையாய் வாங்கும் டேங்க் கிளீனர் மீன் ஒரு அடிக்கு மேல் வளர்ந்ததும், யாரோ ஏரியில் கொண்டுபோய் விட்டதால்தான் இன்று நம் ஏரி மீனவர்களின் வலையில் அது சிக்கி வலையைக் கிழிக்கிறது. வேண்டாம் என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள், நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். பணம் மட்டும் கேட்காதீர்கள்.